பழந்துணி மூட்டையிலிருந்து ஒரு பொம்மை

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் முதல் சில நாட்களுக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். தாத்தாவின் வேட்டியோ பாட்டியின் நூல்புடவையோ, பல வருடம் வெளுத்து வெளுத்து இழை இளகி மெத்தென்று ஆனதாகப் பார்த்துக் கிழித்து, அதில்தான் பிள்ளையைச் சுற்றுவார்கள். தூளி கட்டுவதும் பழைய புடவையில்தான். கண் பட்டுவிடும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். புதுத்துணியின் கஞ்சி மொடமொடப்பு பச்சை உடம்பை உறுத்தும் என்பது தொட்டுப் பார்த்தாலே தெரிகிற காரணம். இதற்காகவே பரணில் ஒரு துணி மூட்டை இருக்கும். அடுப்பங்கரைக் கரித்துணி, தலையணைக்குள் அடைக்கிற பிசிறு, விளக்குத் திரி எல்லாம் அந்த மூட்டையிலிருந்து வரும். எங்கள் வீட்டில் பொம்மையும் அதிலிருந்துதான் வந்தது.

பாட்டிக்கு ஒரு பொம்மை செய்து முடிக்க அரை மணி நேரம் போதும். கத்தரிக்கோலைத் தேட மாட்டார். புடவையின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஓர் இழுப்பு. துணி இழையோடு நேராகக் கிழிந்து வரும். எலுமிச்சம்பழ அளவுக்குப் பிசிறை உருட்டித் துணியின் நடுவில் வைத்து, நான்கு பக்கமும் சேர்த்துப் பிடித்துக் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்குவார். தலை வந்துவிட்டது. பக்கத்துக்கு ஒரு முனையாக முடிச்சுப் போட்டால் கைகள். இன்னொரு துண்டைச் சுருட்டி இரண்டாக மடித்து உள்ளே செருகி இடுப்பில் கட்டினால் கால்கள். கண்ணுக்குக் கண்மை, வாய்க்கு எண்ணெயில் குழைத்த குங்குமம் ஒரு தீற்று. அந்த முகம் ஒரு வாரத்தில் அழிந்துவிடும். மறுபடி வரையும்போது வேறொரு முகமாக வரும். ஒரு நாள் சிரிப்பாள், ஒரு நாள் முறைப்பாள். எங்களுக்கு அது ஒரே ஆள்தான்.

அப்படிச் செய்த ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. துணிப் பொம்மையின் வரலாற்றை எழுத உட்காருகிற எவருக்கும் இதுதான் முதல் இடைஞ்சல். மண் பொம்மை உடைந்தாலும் ஓடாகக் கிடக்கும். மரமும் தந்தமும் நூற்றாண்டுகளைத் தாண்டும். துணி மக்கும், பூச்சி அரிக்கும், அடுப்புக்குப் போகும். மிகவும் விரும்பி விளையாடிய பொம்மைதான் முதலில் கிழியும் என்பதால், அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தவற்றில் பல குழந்தையின் கை அதிகம் படாதவை. உலகெங்கும் மிகச் சாதாரணமாக இருந்த ஒரு விளையாட்டுப் பொருளுக்கு அதனால்தான் இத்தனை குறைவான தடயம்.

தமிழில் பொம்மைக்குப் பழைய பெயர் பாவை. சங்கப் பாடல்களில் பைஞ்சாய்க் கோரையால் செய்த பாவை வருகிறது. கடற்கரை ஈர மணலில் பிடித்து வைத்த வண்டற்பாவை வருகிறது. இரண்டுமே அன்றைக்கே வாடவோ அலையில் கரையவோ கூடியவை. பாட்டில் சொல்லப்படாமல் போயிருந்தால் அவை இருந்த சுவடே நமக்குக் கிடைத்திருக்காது. துணியில் செய்தார்களா என்று கேட்டால் காட்டுவதற்குச் சான்று கிடையாது. நம் ஊர் ஈரத்திலும் கறையானிலும் அது தப்பிப் பிழைக்க வழியும் இல்லை. தலைமுறை கடந்து கொலுப்படியில் நிற்கிற மரப்பாச்சிக்குப் பழந்துணியில் உடை தைத்துப் போட்டோம். உடை போய்விட்டது, மரம் நிற்கிறது.

எகிப்தின் வறண்ட மணல் அந்த உதவியைச் செய்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பொம்மை இருக்கிறது. எகிப்து ரோமானியர் ஆட்சியில் இருந்தபோது, கி.பி. முதலாம் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் செய்தது. உயரம் 19 சென்டிமீட்டர், ஒரு சாண் அளவுதான். முரட்டு லினன் துணியில் தைத்து, உள்ளே கந்தலையும் பாப்பிரஸ் துண்டுகளையும் அடைத்திருக்கிறார்கள். தலையில் சின்னதாய் ஒரு நீலக் கண்ணாடி மணி. அது கூந்தல் அணியாக இருக்கலாம், ஆகவே இது பெண் பொம்மையாக இருக்கலாம் என்று அருங்காட்சியகத்தார் கருதுகிறார்கள். ஆங்காங்கே சாயமேற்றிய கம்பளி இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிடைத்த இடம் ஆக்ஸிரிங்கஸ். குப்பை மேடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்ததால் உலகப் புகழ்பெற்ற அதே ஊர்.

அந்தப் பொம்மையின் வயிற்றைப் பற்றி எனக்கு நினைவு வந்துகொண்டே இருக்கும். அங்கே பாப்பிரஸ் எழுதும் பொருள். கணக்கு, கடிதம், ரசீது எல்லாம் அதில்தான் எழுதினார்கள். வேலை முடிந்து கழித்த துண்டுகளையும் உடுத்திக் கிழிந்த துணியையும் யாரோ ஒருத்தி சேர்த்து எடுத்துப் பொம்மைக்குள் திணித்திருக்கிறாள். என் பாட்டி மூட்டையிலிருந்து பிசிறு எடுத்த அதே கை வேலை.

கந்தல் என்றால் இன்று நமக்குக் கழிவு. நெடுங்காலம் அப்படி இருக்கவில்லை. ஐரோப்பாவில் மரக்கூழில் காகிதம் செய்யும் முறை 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பரவும் வரை, காகிதத்துக்கு மூலப்பொருளே கந்தல்தான். கந்தல் வாங்குகிறவர்கள் தெருத்தெருவாகக் கூவிப் போவார்கள். நூற்பதும் நெய்வதும் கையால் நடந்த வரை துணி விலை உயர்ந்த பொருள். ஒரு சட்டை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும், பிறகு ஒட்டுத் துணியாகும், கடைசியில் காகிதக்காரனுக்குப் போகும். அந்தப் பாதையில் ஒரு கையளவை ஒதுக்கிக் குழந்தைக்குப் பொம்மை செய்வது ஏழை வீட்டில் சிறு விஷயம் ஆகாது. ஆலை வந்து துணி மலிந்த பிறகுதான் துணிப் பொம்மை கடைக்குப் போகிற சரக்காயிற்று.

அது நடந்த இடத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் சின்னஞ்சிறு மாநிலமான ரோட் ஐலண்டில் உள்ள பாடக்கெட்டில்தான் 1793-இல் சாமுவேல் ஸ்லேட்டர் பஞ்சாலை கட்டினார். அந்நாட்டின் ஆலைத் தொழில் அங்கே வேர்விட்டது. பாடக்கெட்டை அடுத்த சென்ட்ரல் ஃபால்ஸில் வாழ்ந்த இசானா வாக்கர், துணி அடுக்குகளைப் பசை தடவி அச்சில் அழுத்தித் தலையும் உடலும் செய்து, மேலே எண்ணெய் வண்ணத்தில் முகம் எழுதும் தன் முறைக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார். அவர் பொம்மையோடு விளையாடி வளர்ந்த மார்த்தா சேஸ், 1880-களின் இறுதியில் பாடக்கெட்டிலேயே தன் பட்டறையைத் தொடங்கினார். பின்னல் துணியை முகத்தின் மேல் இழுத்து ஒட்டி, தண்ணீர் பட்டாலும் போகாத வண்ணம் பூசிய பொம்மைகள் அவருடையவை. அழுக்கானால் குழந்தையைப் போலத் துடைத்துவிடலாம்.

மார்த்தா சேஸின் கணவர் மருத்துவர். 1911-இல் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனையின் செவிலியர் பயிற்சிப் பள்ளி மார்த்தாவிடம் ஒரு வளர்ந்த பெண்ணின் அளவில் பொம்மை கேட்டது. கட்டிலில் புரட்டிப் போடவும், உடம்பு துடைக்கவும், கட்டுப் போடவும் மாணவியர் பழகுவதற்காக. 'மிஸஸ் சேஸ்' என்ற பெயரில் அந்தப் பொம்மை மருத்துவமனைகளில் பல தலைமுறைச் செவிலியருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. இன்று செவிலியர் கல்லூரிகளில் நாம் காண்கிற பயிற்சி உருவங்களின் வம்சாவளியில் ஒரு துணிப் பொம்மை இருக்கிறது.

ஜெர்மனியின் பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூஸவின் தொடக்கம் இதைவிட எளியது. 1905-ஆம் ஆண்டு. அவர் பிள்ளைகளோடு ஸ்விட்சர்லாந்தின் அஸ்கோனாவில் இருக்கிறார். பிள்ளைகளின் தந்தையான சிற்பி மக்ஸ் க்ரூஸ பெர்லினில். மூத்த மகள் மரியா பொம்மை கேட்கிறாள். அம்மாவிடம் கைக்குழந்தை இருப்பதுபோலத் தனக்கும் ஒன்று வேண்டும். பெர்லின் கடைகளில் இருந்த பீங்கான் பொம்மைகளைப் பார்த்த சிற்பிக்கு அவை பிடிக்கவில்லை. வாங்கி அனுப்ப மாட்டேன், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார். கேத்தே ஒரு துண்டை எடுத்து, நடுவில் மணலைக் கொட்டி, நான்கு முனைகளையும் கை காலாக முடிந்து, தலைக்கு ஓர் உருளைக்கிழங்கைக் கட்டினார். தீக்குச்சியைக் கரித்துக் கண்ணும் வாயும் வரைந்தார் என்பார்கள். அந்தப் பொம்மை சீக்கிரமே மணலைக் கொட்டி முடிந்துபோனது. மரியாவுக்கு அது உயிர். மணலுக்கு ஒரு கனம் உண்டு. தூங்குகிற பிள்ளையைத் தூக்கினால் கை எப்படித் தாழுமோ அப்படித் தாழும். இதை கேத்தே மறக்கவில்லை. பிற்காலத்தில் கைக்குழந்தையின் எடையோடு மணல் நிரப்பிய பொம்மைகளைச் செய்தார்.

1910-இல் பெர்லினின் ஒரு பெரிய அங்காடியில், வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்களின் கண்காட்சியில் அவர் பொம்மைகள் வைக்கப்பட்டன; ஒரே நாளில் பேர் பரவியது. 1912-இல் பாட் கோஸனில் பட்டறை. 1925-இல், தன் பொம்மைகளைப் பார்த்துச் செய்த ஒரு பெரிய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து வென்றார். விளையாட்டுப் பொம்மையும் கலைப் படைப்புக்குரிய பாதுகாப்பைப் பெறலாம் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் பட்டறையை அரசு எடுத்துக்கொள்ள, தொழில் மேற்கே டொனாவெர்த்துக்கு மாறியது.

உருளைக்கிழங்கும் துண்டும் நீதிமன்றம் ஏறிய இந்த இடத்தில் சற்று நிற்கலாம். எந்தத் தாயும் எந்த மதியத்திலும் செய்துவிடக்கூடிய ஒரு பொருளுக்கு யார் உரிமை கொண்டாட முடியும்? துணிப் பொம்மை சந்தைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி அதை விடவில்லை.

அமெரிக்கர்களின் மிகப் பிரபலமான துணிப் பொம்மை ராகெடி ஆன். சிவப்பு நூல் முடி, பொத்தான் கண், முக்கோண மூக்கு, கோடுபோட்ட கால். ஜானி க்ரூயெல் என்ற செய்தித்தாள் ஓவியர் இதன் வடிவத்துக்கு 1915 செப்டம்பர் 7-ஆம் தேதி காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய 13 வயது மகள் மார்செல்லா இறந்துபோனாள். பள்ளியில் அம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நோயுற்றாள் என்பதால், மரணத்தின் காரணம் பற்றிப் பெற்றோரிடம் தீராத மனத்தாங்கல் இருந்தது. தகப்பன் எழுதிய ராகெடி ஆன் கதைகள் 1918-இல் நூலாக வந்தன; கூடவே பொம்மையும் விற்பனைக்கு வந்தது. பொம்மையின் தொய்ந்த கை கால்கள் நோயில் படுத்த மகளின் நினைவாக அமைந்தவை என்று ஒரு கதை பல காலமாகச் சுற்றுகிறது. தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அது நிற்காது. வடிவம் பதிவானபோது மார்செல்லா உயிரோடிருந்தாள். துணியில் பஞ்சடைத்த கை தொய்யத்தான் செய்யும். ஆனாலும் மகளை இழந்த ஒருவர் அவள் பெயரையே தன் கதையில் வரும் சிறுமிக்கு வைத்து ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார் என்பது உண்மை. அதுவே போதுமான துக்கம். அதற்குமேல் ஒட்டுப் போட வேண்டியதில்லை. அனுமதியின்றிப் பொம்மை செய்த ஒரு நிறுவனத்தோடு போராடி 1937-இல் மேல்முறையீட்டில் வென்ற க்ரூயெல், 1938 ஜனவரியில் காலமானார்.

கேபேஜ் பேட்ச் பொம்மையின் கதையில் வருத்தம் வேறு வகை. 1983 கிறிஸ்துமஸின்போது அமெரிக்கக் கடைகளில் இதற்காக மக்கள் முட்டி மோதிக்கொண்டார்கள். அதற்குப் பல வருடம் முன்பே, 1970-களின் தொடக்கத்தில், கென்டக்கியைச் சேர்ந்த மார்த்தா நெல்சன் தாமஸ் என்ற கலைஞர் மென்துணியில் ஒன்றுபோல் ஒன்று இல்லாத குழந்தைப் பொம்மைகளைக் கையால் தைத்து, கைவினைச் சந்தைகளில் தத்துக் கொடுப்பதுபோல் கொடுத்துவந்தார். அவற்றைப் பார்த்த ஸேவியர் ராபர்ட்ஸ் அதே பாணியில் தொழில் தொடங்கினார். தாமஸ் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. ஆலையில் வார்த்த தலையோடு லட்சக்கணக்கில் வெளியான பொம்மைகளுக்குள், ஒருத்தி கையால் தைத்த ஒவ்வொரு முகத்தின் வேறுபாடு என்னவாயிற்று என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

மெக்ஸிகோவில் ஒட்டோமி பழங்குடிப் பெண்கள் தலையில் வண்ண ரிப்பன் கட்டிச் செய்யும் பொம்மையை, அது பிறக்கிற அமெயால்கோ ஊர் அடங்கிய கெரேத்தரோ மாநிலம் 2018-இல் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஒரு தனியாளுக்குக் காப்புரிமை தருவதைவிட ஓர் ஊரின் கைக்குப் பெயர் தருவது நியாயமாக எனக்குப் படுகிறது.

கதை பொம்மையை முந்திக்கொள்வது துணிப் பொம்மை உலகில் வாடிக்கை. பிரேசிலில் அபயோமி என்றொரு சின்னப் பொம்மை உண்டு. கறுப்புத் துணி, ஊசி இல்லை, பசை இல்லை, முடிச்சு மட்டும், முகமும் கிடையாது. அடிமைக் கப்பல்களில் தாய்மார் தங்கள் பாவாடையைக் கிழித்துப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து கொடுத்தார்கள் என்று பள்ளிகளில்கூடச் சொல்கிறார்கள். உண்மையில் இதை உருவாக்கியவர் லேனா மார்த்தின்ஸ் என்ற கைவினைஞர். கறுப்பினப் பெண்கள் இயக்கத்தில் பங்கெடுத்தவர். உருவான காலம் 1980-களின் பிற்பகுதி. கப்பல் கதைக்கு ஆதாரம் இல்லை. உயிரோடு ஒரு பெண் யோசித்துச் செய்ததைப் பெயரற்ற பழங்காலத்துக்குத் தூக்கிக் கொடுப்பது அவருக்குச் செய்கிற அநீதி.

அடிமை முறை நிலவிய அமெரிக்கத் தென்பகுதியில் ஆதாரத்தோடு கிடைப்பது இன்னொரு பொம்மை. ஒரே பாவாடை, இரண்டு தலை. ஒரு பக்கம் வெள்ளைச் சிறுமி; தலைகீழாகத் திருப்பிப் பாவாடையைப் புரட்டினால் கறுப்புச் சிறுமி. ஒருத்தி வெளியே இருக்கும்போது மற்றவள் மறைந்திருப்பாள். எஜமானின் பிள்ளைக்காகவா, தன் பிள்ளைக்காகவா, என்ன நினைத்துத் தைத்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தைத்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் விட்டுச்சென்றது தையல் மட்டும்தான்.

எல்லா இடத்திலும் துணிப் பொம்மை கொஞ்சப்படுவதற்கு மட்டும் இருந்ததில்லை. உத்தரப் பிரதேசத்தின் பல பகுதிகளில் நாக பஞ்சமியன்று சிறுமிகள் துணியில் பொம்மை செய்து குளக்கரையிலோ தெருமுனையிலோ போடுவார்கள். சகோதரர்கள் குச்சியால் அதை அடிப்பார்கள். பண்டிகைக்குப் பெயரே குடியா, அதாவது பொம்மை. அதற்குச் சொல்லப்படுகிற கதைகள் பல. எந்தக் கதையைக் கேட்டாலும், தான் செய்த பெண்ணுருவை அண்ணன் தம்பி அடிப்பதைப் பார்த்து நிற்கிற சிறுமியைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. ஜப்பானின் ஹிடா மலைப்பகுதியில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து தரும் சிவப்பு சாருபொபொ இதற்கு நேர் எதிர், நோய்நொடி அண்டாமல் காக்க வந்தது. அதற்கும் முகம் கிடையாது. அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் துணிப் பொம்மைக்கும் முகம் இருக்காது. உருவச் சிலை கூடாது என்ற வேதக் கட்டளையை அவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள்.

முகமே இல்லாத ஒன்றைக் குழந்தை எப்படி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறது? என் பதில் துணியில்தான் இருக்கிறது. 1958-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு பொய்த்தாய்களோடு அடைத்தார். ஒன்று கம்பியால் ஆனது; இன்னொன்று கம்பியின்மேல் பூந்துவாலைத் துணி சுற்றியது. பால் புட்டியைக் கம்பித் தாயிடம் வைத்தபோதும் குட்டிகள் பசிக்குக் குடித்துவிட்டுத் துணித் தாயிடமே ஓடி ஒட்டிக்கொண்டன. நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தன. கொடுமையான சோதனை அது. இன்று அதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் பாலைவிட ஸ்பரிசம் பெரிதாக இருக்க முடியும் என்பதை உளவியலாளர்கள் அதன்பிறகு மறுக்க முடியவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட், தாயைவிட்டு மெல்ல விலகப் பழகும் பருவத்தில் குழந்தை பற்றிக்கொள்கிற போர்வை நுனி, துணிப் பொம்மை போன்றவற்றைப் பற்றி எழுதினார். அதைத் துவைக்கக் கூடாது, மணம் போய்விட்டால் குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடும் என்று தாய்மார் அறிந்திருப்பதையும் அவர் கவனித்தார்.

2008-இல் ப்ரூஸ் ஹூட், பால் ப்ளூம் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சுவையானது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு பெட்டிகளைக் காட்டினார்கள். இதில் எதை வைத்தாலும் அதே போல இன்னொன்று வந்துவிடும் என்று நம்பவைத்தார்கள். பிறகு பிள்ளைகள் தினமும் கட்டிக்கொண்டு தூங்குகிற பொம்மையையோ போர்வையையோ கேட்டார்கள். சில பிள்ளைகள் பெட்டிக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. வைத்தவர்களில் பெரும்பாலோர் புதியதைத் தொடாமல் பழையதையே திருப்பிக் கேட்டார்கள். அப்படிப் பிணைப்பு இல்லாத பொருளாக இருந்தால் நகலை எடுத்துக்கொள்ளத் தயக்கம் இல்லை.

காப்புரிமைச் சண்டைகளை எல்லாம் இந்தப் பிள்ளைகளிடம் கொண்டுபோயிருந்தால் சீக்கிரம் தீர்ந்திருக்கும். வடிவத்தை யாரும் நகல் எடுக்கலாம். இந்தத் துணி, இந்த மணம், இந்த நைந்த மூலை, இவற்றை எடுக்க முடியாது. பாட்டி உடுத்திய புடவையில் செய்த பொம்மையை வாங்கக் கடை கிடையாது.

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்துக்குள் புகுந்தபோது, ஓணம் விற்பனைக்காக அடுக்கி வைத்திருந்த கைத்தறிச் சேலைகள் சேற்றில் மூழ்கின. தறிகளும் போயின. வெளுத்துப் பார்த்தும் கறை போகாத சேலைகளை எரித்துவிடுவது என்ற நிலைக்கு நெசவாளர்கள் வந்துவிட்டார்கள். அப்போது லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் இருவரும் அந்தச் சேலைகளைச் சுத்தம் செய்து, சிறு துண்டுகளாக வெட்டிப் பொம்மை செய்ய முன்வந்தார்கள். பெயர் சேக்குட்டி. சேற்றுக்கு மலையாளத்திலும் சேறு என்றே சொல். சேற்றில் பிறந்த குட்டி. ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு விற்றிருக்கக்கூடிய ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் வந்தன. ஒன்று 25 ரூபாய் என்றால் சேலைக்கு 9,000 ரூபாய். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்கள்; பணம் தறிகளை நிமிர்த்தப் போனது. பொம்மையின் மேல் வெள்ளக் கறை அப்படியே இருக்கும். அதை மறைக்கவில்லை. அந்தக் கறைக்காகத்தான் வாங்கினார்கள்.

நம் கரையில் இதற்கு ஓர் அக்கா உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், கடலைப் பார்க்கவே அஞ்சிய மீனவப் பெண்களுக்குக் கை வேலை ஒன்று வேண்டியிருந்தது. ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திய உபாசனா ஆடை வடிவமைப்புக் கூடத்தில், தையலில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு விரல் நீளம்கூட இல்லாத பொம்மை செய்யச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். சுனாமிகா என்று பேர் வைத்தார்கள். சேக்குட்டியிலிருந்து இது மாறுபடுவது ஒரு விதியில்: சுனாமிகாவை விற்பதில்லை. பரிசாகத்தான் கொடுப்பார்கள், விரும்பியவர்கள் தருகிற நன்கொடையில் பெண்களுக்குக் கூலி. லட்சக்கணக்கில் உலகெங்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நிவாரணப் பொருளுக்கு வரிசையில் நிற்க நேர்ந்த பெண்கள், கொடுக்கிறவர்களின் இடத்துக்கு வந்தார்கள் என்பதால் இந்த ஏற்பாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. இழந்ததற்கு ஈடாக அது வரவில்லை. அலை அடித்துப்போன பிறகு விரல்கள் நடுங்காமல் ஊசி பிடிக்க ஒரு வேலை, அவ்வளவுதான் முதலில்.

இப்போது வீட்டிலிருந்தபடியே துணிப் பொம்மை செய்து விற்கும் பெண்கள் தமிழ்நாட்டிலும் கூடிவருகிறார்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் உள்ளே அடைக்க ஆகிறது. அவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று: 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்குத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயம். கைவினைஞராக மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்தவர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. பதிவு செய்யாதவர்களுக்கு இல்லை. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மையில் பொத்தான் கண் வேண்டாம். பிய்ந்தால் வாய்க்குள் போகும். நூலில் தைத்த கண்ணே நல்லது.

போன தை மாதம் என் மகளின் துணிப் பொம்மைக்குக் கழுத்து தொய்ந்துவிட்டது. கழுத்துதான் எப்போதும் முதலில் போகும். அவள் பொம்மையைத் தலையைப் பிடித்தேதான் தூக்குகிறாள். பிரித்துப் பார்த்தால் பஞ்சு நகர்ந்து வயிற்றில் கட்டியாகிக் கிடந்தது. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் ஒரு பட்டை கிழித்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்தேன். அவள் வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். இது அவள் இல்லை என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு இரவு பொம்மை இல்லாமல் தூங்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பார்த்தேன், என் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஒரு கையில் பாட்டி கட்டியிருந்த புடவையின் நுனி, இன்னொரு கையில் பொம்மை. அதன் கழுத்தையும் இதையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தாள்.